நூலகத்தில் வாசகர் வட்டம்: வாசலில் நிற்பவரின் பொறுப்பு

சிற்றூர்க் கிளை நூலகம் ஒன்றில் வாசகர் வட்டம் தொடங்க விரும்புகிறவர்கள், எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம், எந்தப் பேச்சாளரை அழைக்கலாம் என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். அவற்றுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் அவர்களிடம் ஒன்றைக் கேட்பது வழக்கம்: ஓர் ஆண்டின் 52 ஞாயிற்றுக்கிழமைகளில், எத்தனை ஞாயிறு உங்களால் கூட்டத்துக்கு 20 நிமிடம் முன்னதாக வந்து அந்த வாசலில் நிற்க முடியும்? நாற்பதுக்குக் குறையாமல் முடியும் என்றால் தாராளமாகத் தொடங்கலாம். முடியாது என்றால், முடிகிற ஒருவரைக் கண்டுபிடித்து அவருக்குத் துணையாக இருப்பதே நல்லது. காவிரிக் கடைமடையில் ஒரு நூலகத்தில் பதினொரு ஆண்டுகள் ஞாயிறு காலைக் கூட்டத்தை நடத்தியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நல்ல புத்தகத்தைப் படித்த வாரத்தில் வட்டம் கலைந்திருக்கிறது. சுமாரான சிறுகதையோடு உட்கார்ந்த வாரத்தில் அது வேர் பிடித்திருக்கிறது. இரண்டு வாரங்களுக்கும் இருந்த வேறுபாடு, வந்தவர்களை எதிர்கொள்ள அங்கே யார் இருந்தார், எப்படி இருந்தார் என்பதுதான்.

முதலில் இடத்தைப் பற்றி. தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானவை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றோரின் நெடுநாள் முயற்சியின் பலன் அது. நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ஆகவே அந்தக் கட்டடம் ஊரார் காசில் நிற்கிறது. அங்கே கூடி உட்கார்ந்து பேசுவதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அந்த உரிமையை எடுத்துச் சொல்லிக்கொண்டு நூலகரிடம் போகாதீர்கள். பெரும்பாலான கிளை நூலகங்களில் புத்தகம் அடுக்குவது முதல் வரவு செலவு எழுதுவது வரை எல்லாவற்றையும் ஒருவரோ இருவரோதான் பார்க்கிறார்கள். நீங்கள் கொண்டுவரும் யோசனை அவருக்கு இன்னொரு சுமையாகத்தான் முதலில் தெரியும். எனவே கோரிக்கையோடு போவதற்கு முன், ஒரு மாத காலம் வெறும் வாசகராகப் போய் உட்காருங்கள். நாளிதழ் பகுதியில் கலைந்து கிடப்பவற்றை மடித்து வையுங்கள். முடிந்தால் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேருங்கள். ஐந்தாவது வாரம் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "என்ன சார், ஏதோ கேட்க நினைக்கிற மாதிரி இருக்கு" என்று அவரே பேச்சை எடுப்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது. கூட்டத்துக்கான நாளை அவரோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள். பெரும்பாலான கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஞாயிறு காலையில் கறிக்கடைக்குப் போய்வந்து, சமையல் வேலை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் எங்கள் ஊருக்குப் பொருந்தியது. உங்கள் ஊரில் அது மாலையாகவும் இருக்கலாம்.

நேரில் போய் அழையுங்கள்

நம் ஊர்களில் ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பது எவ்வளவு கவனமாக நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து, தம்பதியாகப் போய், வீட்டில் இருப்பவர்களை நிற்கவைத்துக் கொடுத்துவிட்டு, "குடும்பத்தோட வந்துடணும்" என்று சொல்வார்கள். தபாலில் வந்த பத்திரிகையை மேசையில் போட்டுவிட்டு மறந்துபோகிற அதே மனிதர், நேரில் வந்து அழைத்த வீட்டுக்கு மழையானாலும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறார். அழைத்தவர் நேரம் செலவழித்துப் படியேறி வந்தார் என்பதுதான் அங்கே மரியாதையாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. வாசகர் வட்டத்துக்கும் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நூலக வரலாற்றிலேயே முன்னோடி இருக்கிறது. 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை, ஒரு மாட்டுவண்டியையே நூலகமாக வடிவமைத்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். நகரத்தில் ஒரு கட்டடத்தைத் திறந்துவிட்டு, வேண்டியவர்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், வாசகர் இருக்கும் தெருவுக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். புத்தகமே அப்படிப் போயிருக்கும்போது, அழைக்கிற மனிதர் போவது பெரிய காரியம் இல்லை.

எப்படிப் போவது? ஒரு வாரத்துக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களோடு நின்றுவிடாதீர்கள். அவர்கள் எப்படியும் வருவார்கள். தையல் கடை வைத்திருப்பவர், மருந்துக் கடையில் நிற்கும் இளைஞர், நூலகத்தின் மூலையில் நாள் முழுக்க அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண், காலையில் நாளிதழுக்காக மட்டும் வந்துபோகிற முதியவர் ஆகியோரைத் தேடிப் போங்கள். கடையில் ஆள் நிற்கும்போது போகாதீர்கள். பிற்பகல் மூன்று மணி பெரும்பாலான கடைகளில் ஓய்வாக இருக்கும். ஒரு வீட்டுப் பெண்ணை அழைப்பதென்றால், ஆண்கள் தனியாகப் போகாமல் இன்னொரு பெண்ணோடு, விளக்கு வைப்பதற்கு முன் போய், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவது நல்லது. இலக்கியத்தின் பெருமையை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். "ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு லைப்ரரில ஒரு கதை படிக்கப் போறோம் அக்கா. பேசணும்னு ஒண்ணும் இல்ல, கேட்டாப் போதும். நான் பத்து பத்துல இருந்தே அங்க இருப்பேன்" என்று சொன்னால் போதும். இந்தக் கடைசி வாக்கியம்தான் அழைப்பின் உயிர். புதிய இடத்துக்குப் போகத் தயங்குகிறவருக்கு, அங்கே என்ன நடக்கும் என்பதைவிட, உள்ளே நுழைந்ததும் தெரிந்த முகம் ஒன்று இருக்குமா என்பதுதான் கவலை. அந்தக் கவலையை நீங்கள் ஒரு வாக்குறுதியால் நீக்குகிறீர்கள். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும்.

வாட்ஸ்அப் குழு பிறகு வரட்டும். ஏற்கெனவே முகம் தெரிந்தவர்களுக்கு நேரத்தை நினைவூட்ட அது உதவும். முகம் தெரியாதவரைக் கூட்டிக்கொண்டு வராது.

அந்த இருபது நிமிடம்

கூட்டம் பத்தரைக்கு என்றால் பத்து பத்துக்குள் வந்துவிடுங்கள். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள். வரிசையில் உட்கார்ந்தவர்கள் எதிரே நிற்பவரை மட்டும் பார்ப்பார்கள். வட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிட இரண்டு நாற்காலி குறைவாகப் போட்டு, மீதியைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள். பன்னிரண்டு நாற்காலியில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் வந்தவர்களுக்கே மனம் தளர்ந்துவிடும். ஆறு நாற்காலி நிறைந்து, ஏழாவது ஆளுக்காக எழுந்து போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து போடும்போது, எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். அந்த நகர்தலில் புதிதாக வந்தவர் வட்டத்துக்குள் சேர்ந்துவிடுகிறார். எங்கள் கூட்டத்தில் எத்தனையோ நல்ல கதைகளைப் படித்திருக்கிறோம். எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்பது, சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் கிறீச்சிட்டு நகரும் அந்த ஒரு கணம்தான்.

பிறகு வாசலுக்கு வந்து நில்லுங்கள். நூலக வாசலில் செருப்பைக் கழற்றியபடியே உள்ளே எட்டிப் பார்த்து, தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் அப்படியே மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. முதல் ஆண்டில் அப்படி எத்தனை பேரை இழந்தோமோ தெரியாது. ஏனென்றால் அப்போது நான் உள்ளே உட்கார்ந்து அன்றைய கதையைப் புரட்டிக்கொண்டிருப்பேன். வாசலில் நிற்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தயக்கத்தைக் கண்ணால் பார்த்தேன். வருகிறவரின் பெயரைச் சொல்லி அழையுங்கள். போன வாரம் அவர் சொன்ன ஒன்றை நினைவில் வைத்துக் கேளுங்கள்: பேத்தியின் காய்ச்சல் விட்டதா, நெல் மூட்டையை எடுத்துக்கொண்டார்களா என்பது போல. நினைவு போதாதவர்கள், நான் செய்தது போல, ஒரு குறிப்பேட்டில் இரவே எழுதி வைத்துக்கொள்ளலாம். இதில் போலித்தனம் ஏதும் இல்லை. மறந்துவிடக் கூடாது என்ற அக்கறை இருப்பதால்தான் எழுதுகிறோம்.

தாமதமாக வருகிறவருக்காகப் பேச்சை நிறுத்தாதீர்கள். அவரைப் பார்க்காதது போலவும் இருக்காதீர்கள். பேசிக்கொண்டே கண்ணால் வரவேற்று, உங்கள் பக்கத்து நாற்காலியைக் கையால் காட்டுங்கள். அந்த நாற்காலியை எப்போதும் காலியாகவே வைத்திருப்பது நல்ல பழக்கம்.

ஊக்கம் என்பது

கூட்டம் நடத்துகிறவருக்கு ஊக்கம் வேண்டும் என்றால், குரலை உயர்த்திப் பேசி, நகைச்சுவை சொல்லி, எல்லோரையும் உற்சாகப்படுத்த வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். மேடைக்கு அது சரி. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் வட்டத்தில், ஒருவர் மட்டும் அப்படி இருந்தால் மற்ற ஒன்பது பேரும் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். இங்கே வேண்டிய ஊக்கம், பேசுகிறவரைக் கடைசிச் சொல் வரை கேட்பதற்கான தெம்பு. கேட்பவரின் உடம்பிலேயே அது தெரியும்: முதுகு நிமிர்ந்திருக்கும், கையில் கைபேசி இருக்காது, பேசுகிறவர் திணறும் இடத்தில் சொல்லை எடுத்துக் கொடுக்கும் அவசரம் இருக்காது. ஒன்றரை மணி நேரம் இப்படிக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், உரக்கப் பேசியதைவிட அதிகமாகக் களைத்திருப்பீர்கள்.

எங்கள் வட்டத்துக்கு ஓர் அக்கா, கல்லூரி போகும் மகளோடு வந்துகொண்டிருந்தார். ரவிக்கை தைப்பது அவர் தொழில். நான்கு மாதம் கதவோரத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் "நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்" என்று ஒருநாளும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அடுத்த வாரம் வந்திருக்க மாட்டார். ஒரு ஞாயிறு படித்த கதையில், கணவனை இழந்த பெண் ஒருத்தி பழைய சட்டை ஒன்றைப் பிரித்துத் தன் மகனுக்குத் தைக்கிறாள். அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்து, "அக்கா, பெரிய ஆள் சட்டையைப் பிரிச்சுச் சின்னப் பையனுக்குத் தைக்கிறது சுலபமா?" என்று கேட்டேன். அவர் மடியில் இருந்த பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மடித்துக் காட்டியபடி, கழுத்துப்பட்டையைப் பிரிக்கும்போது பழைய தையல் தடம் துணியில் நின்றுவிடும், எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் போகாது, அந்தப் பையன் சட்டையில் அவன் அப்பாவுடைய கழுத்தின் தடம் இருக்கும் என்று சொன்னார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் கதையை ஏற்கெனவே இருமுறை படித்திருந்த எனக்கு அது தெரியாது. அன்றிலிருந்து அவர் நாற்காலி கதவோரத்தை விட்டு நகர்ந்து வந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய முறை எளிது. மௌனமாக இருப்பவரிடம் கருத்தைக் கேட்காதீர்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிய கேள்வி கதைக்குள் எப்போது வருகிறது என்று காத்திருங்கள். அதற்கு, அவர் என்ன வேலை செய்கிறார், எந்தத் தெருவில் வளர்ந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேரில் போய் அழைத்த உழைப்பு இங்கே பயன்படுகிறது.

நிறையப் பேசுகிறவர்களும் ஒவ்வொரு வட்டத்திலும் இருப்பார்கள். அவர்களைக் கூட்டத்தில் மறிக்க வேண்டாம். தனியாகச் சந்தித்து, "அண்ணே, புதுசா வந்த பசங்க பேசுறதுக்கு நீங்கதான் வழி பண்ணிக் கொடுக்கணும்" என்று பொறுப்பாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

ஆள் வராத ஞாயிறு

ஐப்பசி, கார்த்திகை மழையில், தேர்வு மாதங்களில், கோவில் திருவிழாவின்போது கூட்டம் குறையும். மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள், ஒருவர் வந்தாலும் நடத்துங்கள். "இன்னைக்கு யாருமே வரலையே" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது; வந்திருக்கும் அந்த ஒருவரை அது அவமதிக்கிறது. களைப்பாக இருந்தால் கூட்டத்தைப் பாதி நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். நடத்தாமல் விடக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் இரண்டு வாரம் விடாமல் மழை. இரண்டு ஞாயிறும் காலை ஒன்பது மணிக்குக் குழுவில் "இன்று கூட்டம் இல்லை" என்று செய்தி போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். மூன்றாவது ஞாயிறு நூலகர் சொன்னார்: கைபேசி வைத்துக்கொள்ளாத எங்கள் பெரியவர் ஒருவர் இரண்டு வாரமும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து, பதினொன்றரை வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினாராம். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க வருவீங்கன்னு நெனச்சேன் தம்பி" என்றார். அவ்வளவுதான். பிறகு நான்கு வாரம் அவர் வரவில்லை. நான் இரண்டு முறை போய்க் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், அந்த இரண்டு வாரத்துக்கு முன் சராசரியாகப் பதினான்கு பேர் வந்துகொண்டிருந்த கூட்டம் மீண்டும் அந்த எண்ணிக்கையைத் தொட ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. அதன் பிறகு எத்தனை மழை பெய்தாலும் பத்து மணிக்கு நான் அங்கே இருந்திருக்கிறேன், அல்லது இன்னொருவர் இருக்கும்படி செய்திருக்கிறேன்.

கூட்டம் இல்லாத ஆறு நாட்கள்

தொடர்ந்து இரண்டு வாரம் வராதவரை மூன்றாவது வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்கப் போகாதீர்கள். அன்று படித்த கதையின் நகலையோ அவர் கேட்டிருந்த புத்தகத்தையோ கொடுக்கப் போங்கள். உடல்நலம் இல்லையென்றால் போய் விசாரியுங்கள். துக்க வீட்டுக்கு முதல் நாளே போய் நில்லுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கும் போங்கள். எங்கள் வட்டத்தில் ஒருவருடைய தாயார் காலமானபோது, முன்பின் உறவில்லாத பதினொரு பேர் போய் அந்தத் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். "இவங்கெல்லாம் யாரு?" என்று உறவினர் ஒருவர் கேட்டதற்கு, "எங்க லைப்ரரிக்காரங்க" என்று அவர் சொன்னார். வட்டம் என்ற பெயர் அன்றுதான் பொருத்தமாயிற்று என்று நினைக்கிறேன்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, சம்பளம் ஏதும் வாங்காத தொண்டர்கள் பகல் வேலை முடிந்து வந்தவர்களோடு மாலைதோறும் உட்கார்ந்து எழுத்துக் கற்பித்தார்கள். அந்தக் காலத்தில்தான் அம்மாவட்டத்துப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அரசின் ஆதரவும் மாவட்ட ஆட்சியரின் அக்கறையும் அதற்குத் துணை நின்றன என்பது உண்மை. ஆனாலும் ஒரு பெண் சைக்கிளில் ஏறும்போது பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடித்தான் ஆக வேண்டும். அந்த வேலையைச் சுற்றறிக்கையால் செய்ய முடியாது.

உங்கள் நாற்காலியை விடுவது

நேரில் நிற்பவரால் வளரும் வட்டத்துக்கு அதனாலேயே ஓர் ஆபத்தும் உண்டு. நீங்கள் இல்லாவிட்டால் கூட்டம் நடக்காது என்ற நிலை வந்துவிட்டால், அது உங்களைப் பார்க்க வருகிறவர்களின் கூட்டமாகிவிட்டது என்று பொருள். ஆறாவது மாதத்திலிருந்தே வேலைகளைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்குங்கள். முதலில் சிறியவை: பதிவேடு ஒருவரிடம், தேநீர்க் குடுவை ஒருவரிடம், நாற்காலி போடுவது இளைஞர்களிடம். கையில் வேலை இருப்பவர் தவறாமல் வருவார். ஓராண்டு முடிவதற்குள் கதையைத் தேர்ந்தெடுப்பதும் கூட்டத்தை நடத்துவதும் சுழற்சி முறையில் வரட்டும். நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் நூலக வார விழாவில் உங்கள் வட்டத்துக்கு ஒரு நிகழ்ச்சி கிடைத்தால், மேடையில் நீங்கள் ஏறாதீர்கள். அதுவரை மேடை ஏறாத ஒருவரை ஏற்றுங்கள்.

கடைசியாகக் கைமாற்ற வேண்டியது வாசல். அதுதான் கடினம், ஏனென்றால் அதைப் பொறுப்பு என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அடுத்து நிற்கப் போகிறவரை மூன்று மாதம் உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். யார் எதனால் தயங்குகிறார், யாருக்குக் காது சற்று மந்தம், யாரைப் பேருந்து நேரத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுங்கள். அந்தக் குறிப்பேட்டையும் கொடுத்துவிடுங்கள். பிறகு முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிட்டு ஒரு மாதம் போகாமல் இருங்கள்.

எங்கள் ஊரில் இப்போது வாசலில் நிற்பவர் அந்தத் தையல்கார அக்கா. நான் பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போகிறேன். அவர் என் பெயரைச் சொல்லி, போன வாரம் நான் சொன்ன முழங்கால் வலியைப் பற்றிக் கேட்கிறார். நீங்களும் திரும்பிப் போகும் முதல் ஞாயிறு, நடுவில் உட்காராமல் கதவோரம் கிடைக்கும் நாற்காலியில் உட்காருங்கள். உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டால், இன்னொருவர் பக்கம் திருப்பிவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவதற்கு மட்டும் எழுந்திருங்கள்.